தோள் எக்ஸ்ரேயில் ‘தேய்மானம்’ என்று வந்தால்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் ஐம்பது தாண்டிய ரப்பர் பால்வெட்டுக்காரர் தோளைப் படம் எடுத்தால், ரிப்போர்ட்டில் பெரும்பாலும் ‘ஏசி மூட்டில் தேய்மானம்’ என்று ஒரு வரி இருக்கும். வலியே இல்லாத தோளிலும் அந்த வரி வரும். அதனால் எந்த மூட்டு வலிக்கிறது என்பதை முதலில் கையை அசைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஏசி என்பது காறை எலும்பின் வெளிநுனியில், தோளின் உச்சியில் உள்ள சின்ன மூட்டு. வலியை ஒற்றை விரலால் அங்கே தொட்டுக் காட்டுவார்கள். கையை எதிர்த்தோளுக்குக் கொண்டுபோனால் சுருக்கென்று வலிக்கும். கீழே உள்ள பந்துக்கிண்ண மூட்டு தேய்ந்தால் வலி ஆழத்தில் இருக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பினால் பாதியில் நின்றுவிடும், வேறொருவர் திருப்பினாலும் நிற்கும். அப்படி நின்றும் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் தோள் இறுக்கத்தை (ஃப்ரோசன் ஷோல்டர்) சந்தேகிக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம். மற்றவர் தூக்கினால் கை மேலே போகிறது, தானாகத் தூக்க வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் எலும்பில் இல்லை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில்.

படத்திலும் தவறு நடக்கும். கிண்ணம் நேர் பக்கவாட்டில் இல்லாமல் சற்று முன்னோக்கித் திரும்பியிருக்கிறது. மார்பு நேராக நின்று எடுத்தால் பந்தும் கிண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இடைவெளி தெரியாது. உடலை வலிக்கும் பக்கம் 35 முதல் 45 டிகிரி திருப்பி எடுத்த படமும், அக்குள் வழியாக எடுத்த படமும் கேளுங்கள். பந்துக்கும் அதற்கு மேலே கூரைபோல் நீண்டிருக்கும் தோள்பட்டை எலும்புக்கும் இடையே 7 மி.மீ.க்குக் குறைந்தால் தசைநாண் கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. திருவனந்தபுரத்துக்குக் காட்டப் போகிறவர்கள் பிலிமையே எடுத்துப் போங்கள். போனில் பிடித்த படத்தை வைத்து எந்த டாக்டரும் மில்லிமீட்டர் அளக்க மாட்டார்.

பயிற்சிக்கு ஒரு கம்பு போதும். மல்லாந்து படுத்து, முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு வைத்து, நல்ல கையால் கம்பைத் தள்ளி வலிக்கும் கையை வெளியே திருப்புங்கள். 30 விநாடி பிடித்து விடுங்கள், 4 முறை. மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் தள்ளியது அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட 3 மாதத்துக்குள் மூட்டு மாற்று செய்தால் தொற்று அபாயம் கூடும் என்பதால், ஆபரேஷன் யோசனை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏற்றம் ஏறும்போது வந்து, நின்றால் அடங்கும் இடத்தோள் வலிக்கு முதலில் ஈசிஜி. வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி.

வெட்டுக்குத் திரும்பும்போது தலைக்கு மேலே பட்டை வெட்டும் பழைய மரங்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நீளக் கைப்பிடிக் கத்தி பிடித்தாலும் முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும்.