கார்டு போயிருச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி

சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் மீட்டர் எண்ணுகிற பெட்டியாக இருக்கட்டும், பொள்ளாச்சித் தோப்பில் சொட்டுநீர் வால்வைத் திறந்து மூடுகிற பெட்டியாக இருக்கட்டும், உள்ளே இருக்கிற ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு எழுந்திருக்கவில்லை என்றால் முதலில் வருகிற பேச்சு "கார்டு போயிருச்சுங்க" என்பதுதான். உடனே அந்த மைக்ரோ எஸ்டி கார்டை உருவி லேப்டாப்பில் போட்டுப் புது இமேஜ் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் முழு நகல்) எழுதிவிடுகிறார்கள். கொஞ்ச நாள் ஓடும். திரும்பவும் படுத்துக்கொள்ளும். அழித்து எழுதும்போது, எதனால் கெட்டது என்று காட்டிக்கொடுக்கும் தடயமும் சேர்ந்தே அழிகிறது. அதனால் எழுதுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பூட் (போர்டு எழுந்து ஓடத் தொடங்கும் வேலை) எந்தப் படியில் நின்றது என்பதை முதலில் பிடிக்க வேண்டும்.

போர்டின் பச்சை விளக்கு எத்தனை முறை மினுங்குகிறது என்று எண்ணுங்கள். பை 3-இல் பச்சை ஒரு தடவைகூட மினுங்கவில்லை, சிவப்பு மட்டும் எரிகிறது என்றால், சிப்புக்குள் இருக்கிற பூட் நிரலால் கார்டில் பூட் ஃபைல்கள் இருக்கிற முதல் பகுதியை, அதாவது ஃபேட் பார்ட்டிஷனைப் படிக்கவே முடியவில்லை. 4 முறை மினுங்கி இடைவெளி விட்டால் ஸ்டார்ட் ஃபைல் இல்லை. 7 முறை என்றால் கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) ஃபைல் இல்லை. பை 3-இல் ஓடிய பழைய இமேஜ் கார்டை அப்படியே பை 4-இல் செருகினால் இந்த 4 மினுங்கல் வரும். பை 4 தேடுவது 'ஸ்டார்ட்4' என்ற வேறு ஃபைலை. பழைய இமேஜில் அது கிடையாது. கார்டில் ஒரு குறையும் இல்லை. பை 4-இல் இன்னொரு வசதி: கார்டை எடுத்துவிட்டு எச்டிஎம்ஐ மானிட்டரை மாட்டினால் பூட்லோடரின் சோதனைத் திரை வரும். வந்தால் அந்த பூட்லோடரை வைத்திருக்கிற போர்டின் ஈப்ராம் சிப் நன்றாக இருக்கிறது.

பச்சை மினுங்கவே இல்லையென்றால் ஸ்லாட்டையும் பாருங்கள். தறி ஓடுகிற இடத்தில் பஞ்சு எங்கும் புகும். கார்டின் 8 பித்தளை நிறக் கால்களையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டுச் செருகுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

விளக்கு நன்றாக மினுங்கி, அதன் பிறகு நின்றுபோகிறது என்றால் திரையில் கடைசி வரியைப் படிக்க வேண்டும். மானிட்டர் இல்லாத இடத்தில் 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் அடாப்டர் போதும்: 6-ஆம் பின் கிரவுண்ட், 8-ஆம் பின் போர்டிலிருந்து வருவது, 10-ஆம் பின் போர்டுக்குப் போவது, வேகம் 115200. கான்ஃபிக் ஃபைலில் யுஆர்ட்டை (சீரியல் இணைப்பை) இயக்கியிருக்க வேண்டும். 5 வோல்ட் அடாப்டரை மாட்டினால் போர்டில் அந்தப் பின்களே கெட்டுவிடும்.

அங்கே 'ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை' என்ற வரியின் முடிவில் அடைப்புக்குள் இரண்டு எண்கள் இருக்கும். அவைதான் முக்கியம். (0,0) என்றால் ரூட் (சிஸ்டம் ஃபைல்கள் இருக்கிற பார்ட்டிஷன்) எது என்றே கர்னலுக்குத் தெரியவில்லை: ஒன்று கார்டு கண்ணில் படவில்லை, அல்லது சிஎம்டிலைன் ஃபைலில் எழுதியிருக்கிற பார்ட்-யுயுஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) பொருந்தவில்லை. கார்டை நகலெடுத்துப் பார்ட்டிஷனைப் புதிதாகப் போட்டவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அந்த ஃபைல் ஒரே வரியாக இருக்க வேண்டும். நோட்பேடில் தவறி ஒரு என்டர் தட்டியிருந்தாலும் இதே கதிதான். (179,2) என்றால் 179 என்பது எஸ்டி கார்டு வகை, 2 என்பது இரண்டாம் பார்ட்டிஷன். கார்டு கிடைத்துவிட்டது, உள்ளே இருக்கிற எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம்தான் கெட்டிருக்கிறது. ஒரு கம்பெனியின் 32 ஜிபி கார்டை இன்னொரு கம்பெனியின் 32 ஜிபி கார்டுக்கு நகலெடுத்திருந்தால், இரண்டாவது சில எம்பி சிறியதாக இருந்து வால் பகுதி ஏறாமல் விட்டுப்போயிருக்கலாம். அப்போது 'பேட் ஜியாமெட்ரி' என்ற வரி மேலேயே இருக்கும்.

கெட்ட எக்ஸ்ட்4-ஐச் சரிபார்க்கும் முன் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரலால் ஒரு நகல் எடுத்து, அந்த நகலின் மேல் ஈ2எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் நிரலை ஓட்டுங்கள். சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புக் குறிப்பு) படிக்கவில்லை என்றால் 32768-ஆம் பிளாக்கில் மாற்று இருக்கும் (4 கேபி பிளாக் இருந்தால்). நேராகக் கார்டிலேயே ஓட்டி, சரியாகிவிட்டது என்று சொன்ன பிழைகள் மறுமுறையும் அச்சாக அப்படியே வந்தால், அந்தக் கார்டு எழுத்தை ஏற்பதை நிறுத்திவிட்டது. சோதிக்க எளிய வழி: பூட் பார்ட்டிஷனில் ஒரு ஃபைல் போட்டு, கழற்றி, மறுபடி செருகிப் பாருங்கள். ஃபைல் இல்லையென்றால் கார்டின் ஆயுள் முடிந்தது, புது இமேஜ் எழுதியும் பயனில்லை. புதுக் கார்டு வாங்கினால் முதல் வேலையாக எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை நிரலை ஓட்டி முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துவிடுங்கள். போலிக் கார்டு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் நல்ல கார்டைக் கொல்வது பெரும்பாலும் கரண்ட்தான். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும், 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் போர்டே எச்சரிக்கும். 28 கேஜ் கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம். 1 மீட்டர் மொபைல் கேபிளில் போக வர 2 மீட்டர், 0.42 ஓம். 1.5 ஆம்பியர் இழுத்தால் 0.6 வோல்ட் கேபிளிலேயே தொலைகிறது, 5.1 வோல்ட் 4.5 ஆகிவிடும். அதே லைனில் 7.5 எச்பி கிணற்று மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது விழுகிற வோல்டேஜ் தனிக் கணக்கு. மல்டிமீட்டருக்கு அந்த நொடி இறக்கம் தெரியாது. விசிஜென்சிஎம்டி என்ற கட்டளையில் கெட்-த்ராட்டில்டு கேட்டுப் பாருங்கள்: 0x50000 வந்தால் பூட் ஆன பிறகு எப்போதோ இறங்கியிருக்கிறது, 0x50005 வந்தால் இப்போதும் இறங்கித்தான் இருக்கிறது. கேபிளைக் குட்டையாக, தடிமனாக வையுங்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எழுதின ஃபைல் மட்டும் கெடும் என்று நினைக்க வேண்டாம். தேய்மானம் சமமாக இருக்கட்டும் என்று கார்டின் கன்ட்ரோலர் பழைய தரவையும் உள்ளுக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் நின்றால், மாதக்கணக்கில் யாரும் தொடாத பூட் ஃபைலும் போகலாம். அதனால் கணக்கு மட்டும் எடுக்கிற பெட்டிக்கு ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்பு மெனுவில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கிவிடுங்கள், எழுத்தெல்லாம் ரேமுக்குப் போகும். சேர்த்து வைக்க வேண்டிய கணக்கை யுஎஸ்பி எஸ்எஸ்டிக்கோ நெட்வொர்க் வழியாக வேறு கம்ப்யூட்டருக்கோ அனுப்புங்கள்.

ஷிஃப்ட் முடிந்து மெயினை அணைக்கிற ஆள் இருக்கிற இடத்தில் 5-ஆம், 6-ஆம் பின்களுக்கு நடுவே ஒரு புஷ் பட்டன் வைத்து, கான்ஃபிக் ஃபைலில் 'டிடிஓவர்லே' வரியாக 'ஜிபிஐஓ-ஷட்டவுன்' சேர்த்துவிடுங்கள். ஒரு அழுத்து அழுத்தி, பச்சை விளக்கு மினுங்கி ஓய்ந்த பிறகு மெயினை இறக்கச் சொல்லிப் பெட்டி மேலேயே தமிழில் ஒட்டி வையுங்கள்.