ஷீஹாலியன்: பூமியை எடைபோட்ட மலை

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் நிற்கும் ஷீஹாலியனின் உயரம் 1,083 மீட்டர். பிட்லாக்ரியில் ரயிலை விட்டு இறங்கி, டம்மல் ஏரியை ஒட்டிய சாலையில் டம்மல் பிரிட்ஜ் போய், அங்கிருந்து பிரேஸ் ஆஃப் ஃபாஸ் கார் நிறுத்தத்துக்கு வர வேண்டும். கார் இருந்தால் நல்லது. நிறுத்தத்தை ஒட்டியே, இந்த மலையை வைத்துப் பூமியின் அடர்த்தியைக் கண்டுபிடிக்கச் சோதனை நடத்திய நெவில் மாஸ்கெலினுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஏறும் அவசரத்தில் தவறவிட்டு விடாதீர்கள்.

ரானக் ஏரிப் பக்கமிருந்து பார்த்தால் மலை கூம்பாகத் தெரியும். உண்மையில் அது கிழக்கு மேற்காக நீண்ட ஒரு முகடு. வடக்கிலும் தெற்கிலும் செங்குத்துச் சரிவு, குழப்பம் செய்யப் பக்கத்தில் பெரிய மலையும் இல்லை. இந்த வடிவத்துக்காகத்தான் 1773-ல் நில அளவையாளர் சார்லஸ் மேசன் அந்தச் சோதனைக்கு இதைத் தேர்ந்தெடுத்தார். மறு வருடம் அரச வானியலாளர் மாஸ்கெலின் கருவிகளோடு வந்து சேர்ந்தார்.

கொத்தனார் தொங்கவிடும் தூக்குக்குண்டுதான் இந்தச் சோதனையின் உயிர். மலை அதைப் பக்கவாட்டில் இழுப்பதையும் பூமி கீழே இழுப்பதையும் ஒப்பிட்டால், மலையைவிடப் பூமி எத்தனை மடங்கு அடர்த்தி என்று தெரியும். மலைக்குத் தெற்கே தொங்கவிட்டால் குண்டு துளி வடக்கே இழுபடும். வடக்கே தொங்கவிட்டால் தெற்கே. அந்த இழுப்பைக் கண்டுபிடிக்க நட்சத்திரம் வேண்டும். உச்சி வானைக் கடக்கும் நட்சத்திரங்களை 10 அடி தொலைநோக்கியில் பார்த்து, தூக்குநூலிலிருந்து அவை எவ்வளவு விலகியிருக்கின்றன என்று குறித்தார்கள். முதலில் தெற்குச் சரிவில், பிறகு வடக்குச் சரிவில். தொலைநோக்கி கொஞ்சம் கோணலாகப் பொருத்தப்பட்டிருந்தாலும் கணக்கு கெட்டுவிடும். அதனால் கருவியைக் கிழக்கு நோக்கி ஒரு முறை, மேற்கு நோக்கி ஒரு முறை திருப்பி வைத்து அளந்து, அந்தப் பிழையைக் கழித்தார்கள். மூடுபனியும் மழையும் விட்டால்தானே நட்சத்திரம் தெரியும்? வேலை மாதக்கணக்கில் இழுத்தது.

நட்சத்திரக் கணக்குப்படி இரண்டு இடங்களுக்கும் அட்சரேகை வித்தியாசம் 54.6 ஆர்க் செகண்ட். நிலத்தை அளந்து போட்ட கணக்கில் 42.94 தான். மிச்சமிருந்த சுமார் 11.6 ஆர்க் செகண்ட் மலை இழுத்தது, இரு பக்கமும் சேர்த்து. ஒரு ஆர்க் செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு. 10 அடி நூலில், ஒரு பக்கத்து விலகல் 0.09 மில்லிமீட்டருக்கும் குறைவு. தலைமுடி அளவு!

அதைவிடக் கஷ்டமான வேலை கணிதவியலாளர் சார்லஸ் ஹட்டனுக்கு. மலையின் ஒவ்வொரு பகுதியும் குண்டை எவ்வளவு இழுக்கும் என்று தெரிய, முழு மலையையும் செங்குத்துத் தூண்களாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். வரைபடம் முழுக்க உயர எண்களாக இறைந்து கிடந்ததால், ஒரே உயரப் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தார். இன்றைக்கு மலையேறுபவர்கள் கையில் வைத்திருக்கும் வரைபடத்தில் அதே மாதிரிக் கோடுகள்தான். 1778-ல் விடை வந்தது: மலையைப் போல 9/5 மடங்கு அடர்த்தி பூமிக்கு. பாறை தண்ணீரைப் போல 2.5 மடங்கு என்று வைத்துக்கொண்டதால் பூமி 4.5. இன்றைய மதிப்பு 5.51.

சறுக்கியதில் ஒரு பங்கு அந்த 2.5-க்கு உண்டு, அதை ஏறும்போதே காலடியில் பார்க்கலாம். மேல் முகட்டில் குவார்ட்சைட் பாறைகள் குவிந்து கிடக்கின்றன. கீழே அதைவிடக் கனமான சிஸ்ட் பாறை, சுண்ணாம்புக்கல். எல்லாமே 2.5-ஐ விடக் கனம். கணிதவியலாளர் ஜான் பிளேஃபேர் 1801-ல் பாறைகளை ஆராய்ந்து கணக்கைத் திருத்தியபோது விடை 4.56-க்கும் 4.87-க்கும் இடையே ஏறியது. அதற்குள் 1798-லேயே விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் லண்டனில் ஈயக் குண்டுகளை வைத்தே 5.48 என்று சொல்லியிருந்தார்.

போய்வர ஏறக்குறைய 10 கிலோமீட்டர், 4 முதல் 6 மணி நேரம். கீழே பாதை நன்றாகப் போட்டிருக்கிறார்கள். முகட்டுக்கு வந்ததும் பாதை மறைந்து கற்குவியல்தான்; உச்சி என்று நினைத்த மேட்டுக்குப் பின்னால் இன்னொரு மேடு வரும். மழையில் அந்தக் கற்கள் வழுக்கும். கணுக்காலை மூடும் ஷூ இல்லாமல் போகாதீர்கள். மாஸ்கெலினின் இரண்டு முகாம் இடங்களும் பாதையிலிருந்து விலகிச் செங்குத்துச் சரிவில் இருக்கின்றன; பார்க்கப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, அதற்காகத் தனியே இறங்குவது வீண்.