கேத்தில் படையும் கிணற்றுத் தண்ணீரும்

ஒக்டோபர் 7, திங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு. கல்சியம் காபனேற்றில் அமிலம் விட்டால் என்ன நடக்கும் என்று கேட்டேன். "நுரைத்தெழும் மிஸ், வாயு சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்கும்" என்று வகுப்பே ஒரே குரலில் ஒப்புவித்தது. கண்ணால் பார்த்தவர்கள் கை உயர்த்துங்கோ என்றேன். நாலே நாலு கை. அலகெல்லாம் ரியூசனில் எப்போதோ முடிந்துவிட்டது. உயர்தரத்தில் தனியாகச் செய்முறைப் பரீட்சையும் இல்லை, தாளில் எழுதத் தெரிந்தால் போதும். பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

புதன்கிழமைக்கு வீட்டுக் கேத்திலின் அடியில் இருக்கும் வெள்ளைப் படையைச் சுரண்டிக்கொண்டு வரச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் அது இல்லாத வீடு ஏது?

ஒக்டோபர் 9, புதன்

சுண்ணாம்பு நீருக்காக முதல்நாளே வெற்றிலைச் சுண்ணாம்பைப் போத்தலில் கலக்கி வைத்திருந்தேன். காலையில் மேலே கண்ணாடி மாதிரித் தெளிந்து நின்றது.

படை, மாத்திரை உறையிலும் பழைய கொப்பித் தாளிலுமாக வந்து சேர்ந்தது. அமிலம் பட்டதும் சீறியது. அது தீர்ந்த பிறகு மதிலோரம் கிடந்த சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் போட்டோம். வாயுவைச் செலுத்தியதும் சுண்ணாம்பு நீர் பால்நிறமானது. உடனே எல்லாரும் குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். பின்வாங்கில் ஒருவன் மட்டும் கதைத்துக்கொண்டே வாயு வரும் குழாயை வெளியே எடுக்க மறந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய சோதனைக்குழாயில் இருந்த சுண்ணாம்பு நீர் மறுபடி தெளிந்தது.

"மிஸ், பிழைச்சுப் போச்சு."

பிழைக்கவில்லை. காபனீரொட்சைட்டு வாயு மேலும் மேலும் போனால் வெள்ளைக் காபனேற்று, கரையக்கூடிய இருகாபனேற்றாக மாறிவிடும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு நம் காலடிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைப்பதும் இப்படித்தான். கிணற்றில் நாங்கள் அள்ளுவதே அந்தக் கரைசலைத்தான். புத்தூர் நிலாவரைக் கிணறு போன்ற பெரும் பள்ளங்களும் கல் கரைந்து உண்டானவை. "சரி, இப்ப அதைச் சூடாக்கு தம்பி" என்றேன். கொதி வரும்போது சோதனைக்குழாய் மறுபடி கலங்கியது. "கேத்தில்!" என்று யாரோ கத்தினார்கள். மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை. இந்த வருடத்தில் முதல் தடவை.

ஒக்டோபர் 11, வெள்ளி

வாணி விழா. பாடம் இல்லை. பூ வைக்க முகவை கேட்டு வந்தார்கள். இரண்டு கொடுத்தேன், ஒன்றுதான் திரும்பியது.

ஒக்டோபர் 15, செவ்வாய்

நியமிப்பு, அதாவது தண்ணீரில் கரைந்த காபனேற்று எவ்வளவென்று துளித்துளியாக அமிலம் விட்டு அளப்பது. அமிலம் விடும் எட்டு அளவிகளில் ஒன்று திருகில் ஒழுகுகிறது, வசிலின் பூசிச் சமாளித்தேன். 50 மி.லீ. கிணற்றுத் தண்ணீர், அளவியில் 0.02 மூலர் ஐதரோக்குளோரிக்கமிலம், நிறம் மாறி முடிவைச் சொல்லும் காட்டி மெதைல் செம்மஞ்சள். மஞ்சள் செம்மஞ்சளாகத் திரும்பும் அந்த ஒரு துளியில் நிறுத்த வேண்டும். முதல் சுற்றில் முக்கால்வாசிப் பேர் சிவப்பு வரைக்கும் போய்விட்டார்கள்.

ஒரு குழு மூன்று வாசிப்பும் 15.00 மி.லீ. என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசையில் 14.90, 15.05, 15.00. கை நடுங்கிய அந்த வாசிப்புகளைத்தான் நான் நம்புவேன்.

கணக்குப் போட்டால், ஒரு லீற்றரில் கிட்டத்தட்ட 0.3 கிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமன். "அப்ப பத்து லீற்றர் வாளிக்குள்ள மூன்று கிராம் கல்லா மிஸ்?" என்றாள் ஒருத்தி. ஓம் பிள்ளை. பீலியில் பிடித்த மழைத்தண்ணீரோ சில துளிகளிலேயே நிறம் மாறிவிட்டது.

ஒக்டோபர் 18, வெள்ளி

வெள்ளி நைத்திரேற்றை விட்டுத் தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று பார்த்தோம், இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். விலையான சாமான், அதனால் துளிக்கணக்கில்தான். நைத்திரிக்கமிலம் முதலில் விடச் சொன்னது ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. நானே கேட்டேன். விடாவிட்டால் காபனேற்றும் வீழ்படிவாகி உப்புப் போல ஏமாற்றும்.

கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர் தயிர் போலத் திரண்டது. கோப்பாய்த் தண்ணீர் மெல்லக் கலங்கியது. ஒப்பிடுவதற்காக வைத்த காய்ச்சி வடித்த நீரும் அதேயளவு கலங்கியது! வகுப்பு என் முகத்தைப் பார்த்தது. செவ்வாய்க்கிழமை அவசரத்தில் அந்தப் போத்தலைத் தாங்கித் தண்ணீரால் நிரப்பியது நான்தான். சொல்லி ஒப்புக்கொண்டேன். அதைத்தான் எல்லாரும் கொப்பியில் முதல் வரியாக எழுதியிருக்கிறார்கள்.

ஒக்டோபர் 19, சனி

விரல் நுனியெல்லாம் கறுப்பு. வெள்ளி நைத்திரேற்றின் கறை, எத்தனை தேய்த்தாலும் போகாது. மருதானியா என்று சந்தையில் மீன்காரி கேட்டாள்.

ஒக்டோபர் 22, செவ்வாய்

இரவு முழுக்க நல்ல மழை. கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை வாசலில் நின்றாள். "மாரி முடிய எங்கட கிணத்தைத் திரும்பப் பாப்பமா மிஸ்? உப்புக் குறையும் எண்டு அம்மம்மா சொல்லுறா." வெள்ளி நைத்திரேற்றுப் போத்தலில் கால்வாசி மிச்சம் இருக்கிறது. வெளிச்சம் படாமல் கறுப்புத் தாள் சுற்றி அலுமாரியில் பூட்டிவைத்தேன்.