கல் உருண்டு வர ஒரு பாதை: ஃபெஸ்டினியோக் ரயில் பயணம்

வடமேற்கு வேல்ஸில், போர்த்மாடோக் என்ற சின்னத் துறைமுக ஊரிலிருந்து பிளைனை ஃபெஸ்டினியோக் என்ற மலை ஊருக்கு ஒரு குட்டி ரயில் போகிறது. பாதையின் நீளம் சுமார் 22 கிலோமீட்டர். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இடைவெளி 597 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அடிக்கும் கொஞ்சம் குறைவு. ஊட்டி ரயிலின் மீட்டர் கேஜ்கூட இதன் பக்கத்தில் அகலமாகத் தெரியும். இவ்வளவு ஒடுக்கமான தண்டவாளத்தில் பெரியவர்கள் வசதியாக உட்கார்ந்து மலையேறும் ரயில் ஓடுகிறது என்பதை நேரில் பார்க்கும்வரை என் மனைவி நம்பவே இல்லை.

மான்செஸ்டரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, ஜூன் மாதத் தொடக்கத்தில், இதற்காகவே போர்த்மாடோக் போனோம். வேல்ஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்னோடன் மலை உச்சிக்குப் போகும் பல்சக்கர ரயிலில்தான் ஏறுவார்கள். அது நேராக மலைமேல் கொண்டுபோய் விட்டுவிடும். எனக்கு ஆசை இந்தப் பாதையின் மேல்தான் இருந்தது. காரணம், இது சுற்றுலாவுக்காகப் போட்ட பாதை இல்லை. மலையிலிருந்து ஸ்லேட் கல்லைக் கடலுக்குக் கொண்டுவரப் போட்டது. அந்தக் கல் எப்படிக் கீழே வந்தது என்று தெரிந்துகொண்டு ஏறினால், ஜன்னலில் தெரியும் ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் புரியும்.

பிளைனை ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் கிடைப்பது, கூரைக்கு வேயும் ஸ்லேட். அந்தக் காலத்தில் அதைக் கோவேறு கழுதை மீதும் வண்டியிலும் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே படகில் ஏற்றி, முகத்துவாரத்தில் நிற்கும் கப்பலுக்கு மாற்றுவார்கள். ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் கல் உடையும். அதற்கு மாற்றாகத்தான் 1832ல் நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றி, 1836ல் இந்த ரயில் பாதையைத் திறந்தார்கள். அப்போது எஞ்சின் கிடையாது. குவாரியிலிருந்து துறைமுகம் வரை பாதை ஒரே சீராக இறங்கிக்கொண்டே வர வேண்டும், நடுவில் எங்கேயும் ஏறக் கூடாது என்பதுதான் திட்டம். கல் ஏற்றிய வேகன்களை மேலே தள்ளிவிட்டால் போதும், தன் எடையிலேயே உருண்டு வரும். பிரேக் போடும் ஆட்கள் வேகன்கள் மீது உட்கார்ந்து வருவார்கள். காலி வேகன்களை மேலே இழுத்துப்போகக் குதிரைகள் இருந்தன. இறங்கும்போது அந்தக் குதிரைகளும் அதே ரயிலில் தனி வேகனில் நின்றபடி, தீவனம் தின்றுகொண்டே வரும்.

இப்படி உருள வேண்டுமென்றால் சரிவு கணக்காக இருக்க வேண்டும். செங்குத்தாகப் போனால் பிரேக் நிற்காது, தட்டையாகப் போனால் வேகன் நகராது. ஏறக்குறைய 80 அடிக்கு ஒரு அடி என்ற அளவில் சரிவை வைத்துக்கொண்டு, அதற்கு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் மலையை ஒட்டி வளைந்து வளைந்து பாதை போட்டார் ஜேம்ஸ் ஸ்பூனர் என்ற அளவையாளர். அந்தக் கணக்குக்குத்தான் இன்று நாம் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறோம் என்று சொல்வேன்.

போர்த்மாடோக் ஸ்டேஷன் தண்ணீர் ஓரத்திலேயே இருக்கிறது. பிளாட்பாரத்தில் எங்கள் ரயிலோடு நின்ற எஞ்சினைப் பார்த்ததும் சிறு குழந்தைகளிலிருந்து தாத்தாக்கள் வரை எல்லோரும் அதைச் சுற்றித்தான் நின்றார்கள். இரண்டு எஞ்சின்களை முதுகோடு முதுகு ஒட்டிவைத்தது போன்ற உருவம். இரண்டு பக்கமும் புகைபோக்கி, இரண்டு பக்கமும் கொதிகலன், நடுவில் நெருப்பறை. டிரைவர் நெருப்பறைக்கு ஒரு பக்கமும் ஃபயர்மேன் மறுபக்கமும் நிற்கிறார்கள், நடுவே புகுந்து போக வழியில்லை. ராபர்ட் ஃபேர்லி என்பவர் 1864ல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. சக்கரங்கள் இரண்டு தொகுதியாகப் பிரிந்து தனித்தனியே திரும்பும். அதனால் நீளமான, பலமான எஞ்சினாக இருந்தும் கூர்மையான வளைவில் சிக்காமல் போகும்.

1869ல் 'லிட்டில் வொண்டர்' என்ற ஃபேர்லி எஞ்சின் இந்தப் பாதைக்கு வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதை ஓட்டிக் காட்டியபோது, ரஷ்யாவிலிருந்து ஒரு குழுவே வந்து பார்த்தது. இந்தியாவுக்கான ரயில் திட்டங்களைக் கவனித்த அதிகாரிகளும் அங்கே இருந்தார்கள். குறுகிய பாதையிலும் ஒழுங்காக ரயில் ஓட்ட முடியும், மலைநாட்டுக்கு அதுதான் மலிவு என்று உலகம் நம்ப ஆரம்பித்ததில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த சில ஆண்டுகளில் டார்ஜிலிங்குக்கு இரண்டு அடி கேஜில் ரயில் ஏறியதை நினைத்துக்கொண்டேன். இங்கே முதன்முதலில் நீராவி எஞ்சின் வந்தது 1863ல். அப்போது வந்த 'பிரின்ஸ்' என்ற எஞ்சின் இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. அன்று அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை, எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ரயில் கிளம்பியதும் முதலில் வருவது காப் என்ற கடல் அணை. ஒன்றரை கிலோமீட்டர் தூரம் நேராக இருக்கிறது. வில்லியம் மேடக்ஸ் என்ற நிலக்கிழார் 1811ல் கட்டி முடித்தது. ரயிலுக்காகக் கட்டியது இல்லை. பெரிய கழிமுகத்தைக் கடலிடமிருந்து பிரித்து விளைநிலமாக்குவதற்காகக் கட்டியது. வலப்பக்கம் உப்புத் தண்ணீரும் மணல் திட்டும். இடப்பக்கம் புல்வெளி, மாடுகள், அதற்குப் பின்னால் எரெரி (ஸ்னோடோனியா) மலைகள் மொத்தமும் வரிசையாக நிற்கின்றன. அன்று காலை மேகம் விலகியிருந்ததால் ஸ்னோடன் உச்சி தெரிந்தது. க்னிக்ட் என்ற மலை, கூம்பு மாதிரி தனித்து நின்றது. இந்த மலைவரிசையை இதைவிட நன்றாக வேறெங்கும் உட்கார்ந்தபடியே பார்க்க முடியாது என்பது என் முடிவு.

காப் முடியும் இடத்தில் பாஸ்டன் லாட்ஜ் பணிமனை. ரயில் அங்கே ஒரு திருகு திருகி ஏற ஆரம்பிக்கிறது. பெட்டி தயாரிப்பது, எஞ்சின் கட்டுவது எல்லாம் இன்றும் இங்கே நடக்கிறது. ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதற்குள் கடந்துவிடுகிறது. அப்புறம் மின்ஃபோர்த், பென்ரின் என்று ஊர்கள். வீட்டுக் கொல்லைப்புறங்களை உரசிக்கொண்டு போகும் பகுதி இது. கொடியில் காயும் துணிகூடக் கைக்கு எட்டும் தூரம்.

பென்ரின் தாண்டியதும் காடு. வேல்ஸ் மலைச்சரிவின் ஓக் காடு, மரத்தில் ஓர் அங்குலம் விடாமல் பாசி. பாறையிலும் பாசி, கற்சுவரிலும் பாசி. ஈர மண் வாசமும் எஞ்சின் புகை வாசமும் கலந்து பெட்டிக்குள் வருகின்றன. பள்ளத்தாக்கில் நடுநடுவே ரோடோடென்ட்ரான் செடிகள் ஊதாவாகப் பூத்திருந்தன. பார்க்க அழகு. ஆனால் உள்ளூர்க் காட்டை நெருக்கி அழிக்கும் அந்நியச் செடி என்று வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பகுதியில்தான் நான் முன்பு சொன்ன சரிவுக் கணக்கு கண்ணுக்குத் தெரிகிறது. மலை உள்வாங்கும் இடத்தில் ரயிலும் உள்வாங்குகிறது, மலை துருத்தும் இடத்தில் ரயிலும் வெளியே துருத்துகிறது. வளைவில் எங்கள் எஞ்சின் ஜன்னலுக்கு எதிரே முழுசாகத் தெரியும், திரும்பிப் பார்த்தால் கடைசிப் பெட்டியும் தெரியும். குறுக்கே பள்ளம் வந்தால், காரை பூசாமல் கல்லை அடுக்கியே உயரமான கரை எழுப்பியிருக்கிறார்கள். கேய் மாவ்ர் என்ற கரை 60 அடிக்கு மேல் உயரம். கரையின் அகலம் ரயிலின் அகலம் அளவுதான் என்பதால், ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழே ஒன்றுமே தெரியாது, மர உச்சிகள்தான். என் மனைவி அந்த இடத்தில் ஜன்னல் பக்கத்திலிருந்து தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

டான்-அ-பூல்ஹ் ஸ்டேஷனில் ரயில் கொஞ்ச நேரம் நின்றது. அங்கே ஒரு டீக்கடை. எங்கள் கார்டு, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். இங்கிலாந்தின் நடுப்பகுதியிலிருந்து காரில் வந்து சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறாராம். "இந்தப் பாதையில் பாதி வேலை எங்களை மாதிரி ஆட்களால்தான் நடக்கிறது, மேலே டியால்ட்டில் இறங்கிப் பாருங்கள், புரியும்" என்றார். அவர் சொன்னதால்தான் அந்த நிறுத்தத்தில் இறங்கி, அடுத்த ரயிலில் மேலே போனோம்.

டியால்ட்டுக்குச் சாலை கிடையாது. ரயிலில் வரலாம், இல்லை நடந்து வரலாம். அங்கே ரயில் ஒரு முழு வட்டம் அடித்து, தான் வந்த தண்டவாளத்தையே பாலத்தில் கடந்து மேலே போகிறது. பிரிட்டனின் பயணிகள் ரயில்களில் இப்படி ஒரு வளையம் இங்கே மட்டும்தான். அது 1836ன் பாதையில் கிடையாது.

நடந்தது இதுதான். 1939ல் போர் தொடங்கியதும் பயணிகள் ரயில் நின்றது. 1946ல் சரக்கும் நின்றது. ஆனால் தண்டவாளத்தைப் பிரித்து விற்க முடியவில்லை. பழைய சட்டத்தில் பாதையைப் போட அனுமதி இருந்ததே தவிர, கைவிட வழி எழுதப்படவில்லை. இன்னொரு சட்டம் கொண்டுவரக் கம்பெனியிடம் பணமில்லை. அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். முள்ளும் மரமும் மூடிக்கிடந்த பாதையை 1954ல் ஆலன் பெக்ளர் என்பவர் கையில் எடுத்தார். ஆர்வலர்கள் சேர்ந்து 1955ல் காப் வரை, 1958ல் டான்-அ-பூல்ஹ் வரை என்று புதரை வெட்டி வெட்டித் திறந்தார்கள்.

அதற்குள் மேலே மின்சார வாரியம் அணை கட்ட ஆரம்பித்துவிட்டது. டானகிரிஷை என்ற ஊரில் 1963ல் திறந்த நீரேற்று மின் நிலையத்தின் நீர்த்தேக்கம் பழைய பாதையை மூழ்கடித்தது. நஷ்ட ஈட்டுக்கான வழக்கு 1972 வரை இழுத்தது. வழக்கு முடியட்டும் என்று இவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. 1965லேயே மண்வெட்டியும் தள்ளுவண்டியும் எடுத்துக்கொண்டு டியால்ட் மலைக்கு வந்துவிட்டார்கள். தண்ணீருக்கு மேலே போக வேண்டுமென்றால் பாதை ஏறக்குறைய 35 அடி கூடுதலாக உயர வேண்டும். சரிவையும் மீறக் கூடாது. அதற்குத்தான் இந்த வட்டம். வார இறுதியில் வந்து, கூடாரத்திலும் குடிசையிலும் தங்கி, மழையில் பாறை வெட்டிக் கரை போட்டவர்கள் மாணவர்கள், குமாஸ்தாக்கள், பொறியாளர்கள். பிறகு பழைய பாதையின் ரயில் குகைக்குப் பதிலாகப் புதிய குகையும் குடைந்தார்கள். அதற்கு மட்டும் கார்ன்வால் சுரங்க வேலை தெரிந்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். 1978ல் டானகிரிஷையை எட்டி, 1982 மே மாதம் பிளைனை ஊருக்கே ரயிலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1955ல் முதல் பகுதியைத் திறந்ததிலிருந்து 27 ஆண்டுகள். அந்த வட்டத்தின் நடுவில் நின்று, அடுக்கிய கற்களைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. அரசாங்கமும் செய்யவில்லை, லாபத்துக்கும் செய்யவில்லை. அந்த ரயில் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் செய்தார்கள்.

குகையைத் தாண்டினால் நிலமே மாறிவிடுகிறது. மரம் குறைந்து வெறும் புல், பாறை, ஆடுகள். வலப்பக்கம் நீர்த்தேக்கமும் மின் நிலையமும். அண்ணாந்து பார்த்தால் மலை இடுக்கில் ஸ்டூலன் அணை. மின்சாரத் தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை அங்கே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 360 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். பாதையை மூழ்கடித்த இடம் என்ற கோபத்தோடு பார்க்கத்தான் நினைத்தேன், ஆனால் அந்த உயரத்தில் அந்த அணை அழகாகத்தான் இருக்கிறது.

பிளைனை ஊர் முற்றிலும் வேறு. சுற்றிலும் மலை மலையாக ஸ்லேட் கழிவு, சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம். மழை பெய்ததும் எல்லாம் பளபளக்கிறது. கூரை, வேலி, படிக்கட்டு எல்லாமே ஸ்லேட்தான். வெட்டிய ஓடுகளின் அளவுக்கு 'டச்சஸ்', 'கவுண்டஸ்', 'லேடி' என்று பிரபுக் குடும்பத்துப் பெண்களின் பட்டங்களை வைத்திருந்தார்களாம். உடைத்தவர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மலைக்குள் வேலை செய்த உழைப்பாளிகள். 1951ல் தேசியப் பூங்கா அமைத்தபோது, இந்தக் கழிவு மேடுகளைக் காரணமாக வைத்து ஊரை மட்டும் ஓட்டை போட்டது போல வெளியே விட்டுவிட்டார்கள். 2021ல் அதே ஸ்லேட் நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஃபெஸ்டினியோக் ரயில் பாதையும் அதில் அடக்கம். ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று கடைத்தெருவில் பேசிய இரண்டு பேரிடமும் தெரிந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். போர்த்மாடோக்கிலிருந்து ஏறும்போது காப் தூரம் மட்டும் இடப்பக்கக் காட்சி, அதற்குப் பிறகு பள்ளத்தாக்கும் ஏரிகளும் வலப்பக்கம்தான், ஆகவே வலப்பக்க இருக்கை வாங்குங்கள். ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். டியால்ட்டில் இறங்குவதாக இருந்தால் கார்டிடம் முன்கூட்டியே சொல்லி, அடுத்த ரயிலின் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கடை எதுவும் கிடையாது. மழைச்சட்டை கட்டாயம். பிளைனை ஸ்டேஷனில் எதிர்ப் பிளாட்பாரத்திலேயே கான்வி பள்ளத்தாக்கு வழியாக வடக்குக் கடற்கரைக்குப் போகும் சாதாரண ரயில் கிடைக்கிறது. அதில் போனால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. ஆனால் நேரம் இருந்தால் இதே ரயிலில் இறங்கியும் பாருங்கள். எஞ்சின் சத்தம் அடங்கி, பிரேக் மட்டும் அவ்வப்போது கிறீச்சிட, அந்தக் கல் உருண்ட அதே சரிவில் போர்த்மாடோக் வரை வருவீர்கள்.