மல்பே கடலில் கல் வகுப்பு

நிலவியல் ஆசிரியராக நான் மாணவர்களை அழைத்துப்போன இடங்களில் மனம் அதிகம் தங்கிவிட்டது கர்நாடகத்தின் மல்பே கடலில்தான். உடுப்பியை அடுத்த இந்தத் துறையில் படகேறினால் செயின்ட் மேரீஸ் தீவுகள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் படகு ஓடாது என்பதால் டிசம்பரில்தான் போவோம். தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் அது. சுத்தியல்களைப் படகிலேயே விட்டுவிட்டு இறங்குவோம்.

கால் வைத்ததுமே தூண்கள்தாம். கரும்புக் கட்டுகளை நிமிர்த்தி வைத்ததுபோல் நெருக்கமான கற்கள். "யாரோ செதுக்கியிருக்கிறார்கள் ஐயா" என்று ஒரு பிள்ளையாவது சொல்லிவிடும். நான் பதில் சொல்வதில்லை. ஆளுக்கு இருபது தூண்களின் பக்கங்களை எண்ணச் சொல்வேன். ஆறு, ஐந்து, ஆறு, ஏழு, ஐந்து... சிற்பியின் கணக்கு இப்படித் தடுமாறாது என்பது அவர்களுக்கே பட்டுவிடும்.

பிறகு கோடையில் வற்றிய கண்மாயை நினைவூட்டுவேன். வண்டல் காய்ந்து சுருங்கினால் பாளம் பாளமாக வெடிக்கும். இங்கே ஆறிச் சுருங்கியது எரிமலைக் குழம்பு. மேலே விழுந்த விரிசல்கள் சூடு தணியத் தணிய உள்ளே இறங்கின. விரிசல்களுக்கு நடுவே நின்றுபோன கல்தான் தூண். சிலிகா மிகுந்த ரயோலைட் வகைப் பாறை, வயது சுமார் 8.8 கோடி ஆண்டுகள். தக்காணத்து எரிமலைப் படிவுகள் இதற்கு 2 கோடி ஆண்டுகளுக்கும் மேல் இளையவை. மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்து நெருப்பு இது. அதே காலத்து எரிமலைப் பாறைகள் மடகாஸ்கரிலும் கிடக்கின்றன. தூணில் உள்ளங்கையை வைத்து இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் குரல் தழுதழுக்கிறது.

முதல் பயணத்தில் ஒரு தவறு செய்தேன். படகோட்டிப் பெரியவர், மொகவீர மீனவர், வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்குப் போகும் வழியில் இங்கே இறங்கிச் சிலுவை நட்டு, மேரி மாதாவின் பெயரை வைத்தான் என்றார். நான் குறுக்கே புகுந்தேன். 1498 மே மாதம் அவன் முதலில் கண்டது தெற்கே கேரளத்து ஏழிமலையை, இந்தக் கரையோரம் வந்தது திரும்பும்போதுதான் என்றேன். சொன்னதில் பிழையில்லை. ஆனால் பெரியவர் அன்று முழுக்க வாய் திறக்கவில்லை.

மறு ஆண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து நானே கேட்டேன். வைணவ ஆசாரியர் மத்வரின் கதையைச் சொன்னார். துவாரகையிலிருந்து வந்த கப்பல் மல்பேக்கு எதிரே புயலில் சிக்கியது. கரையில் நின்ற மத்வாசாரியர் மேல்துணியை வீசிக் காட்டிக் கரை சேர்த்தார். கைம்மாறாக அவர் கேட்டு வாங்கிய கோபிசந்தனக் கட்டிக்குள், அதாவது வைணவர்கள் நாமம் இடும் மண்கட்டிக்குள், இருந்த கிருஷ்ணர்தான் உடுப்பியில் இருப்பவர். சொல்லிக்கொண்டே பெரியவர் படகை வளைத்து ஒதுக்கினார். எட்டிப் பார்த்தேன். நீருக்கு ஒரு சாண் கீழே தூண்களின் தலைகள் தேனடைபோலத் தெரிந்தன.

"மேஷ்ட்ரே (வாத்தியாரே), துணி வீச ஆள் இல்லாவிட்டால் எந்தக் கப்பலும் இங்கே உடையும்" என்றார்.

அந்தப் பாறை என் வரைபடத்தில் இல்லை.

அதிலிருந்து மாணவர்களின் களக்குறிப்பேட்டில் இடப்பக்கம் அளவுகள், வலப்பக்கம் படகில் கேட்டவை. சென்ற முறை ஒரு மாணவி, அந்தப் பாறை எந்த ஓதத்தில் தலைகாட்டும், எந்த ஓதத்தில் மறையும் என்று பெரியவர் சொன்னபடியே வரைந்திருந்தாள். அன்றிரவே அதை என் வரைபடத்தில் சேர்த்தேன்.