எல்லா நோட்டுக்கும் கார்டு போடாதே

பத்தொன்பது வயதில் எங்கள் சபையில் ஆர்கன் வாசிக்கச் சேர்ந்தேன். சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு கவர், ஈஸ்டருக்கு ஒரு கவர். தொழில் கற்றது அங்கேதான்.

அப்போது நான் அறிந்த கணக்கு ஒன்றே ஒன்று: பாட்டில் எந்த நோட் வருகிறதோ, அது இருக்கிற கார்டைப் பிடி. கார்டு (chord) என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில நோட்டுகள். சி மேஜர் என்றால் சி, ஈ, ஜி. பாட்டு ஈயிலிருந்து டி வழியாக சிக்கு இறங்கினால், டி இந்தக் கார்டில் இல்லையே என்று பதறி ஜி மேஜருக்குத் தாவுவேன். உடனே திரும்பி ஓடி வருவேன். சபையார் ஒரு வரி பாடி முடிப்பதற்குள் என் இடது கை மூன்று ஊர் சுற்றியிருக்கும். குவயர் மாஸ்டர் ஒருநாள் கையைப் பிடித்து நிறுத்தினார்: "தம்பி, பஸ்சு எல்லா வீட்டு வாசல்லயும் நிக்குமா? கார்டை அப்படியே வை. டி தானா நடந்து போயிரும்." அந்த டிதான் பாஸிங் நோட் என்பதைப் பிறகு புத்தகத்தில் படித்தேன்.

அது சுலபம். பாடாய்ப் படுத்தியது சஸ்பென்ஷன். எஃப் மேஜரில் ஆல்ட்டோ, அதாவது குவயரில் பெண்களின் கீழ்க்குரல், எஃப் பாடிக்கொண்டிருக்கும். அடிக்குரலான பாஸ் சிக்குப் போகும், மற்றவர்கள் சி மேஜருக்கு மாறிவிடுவார்கள். ஆல்ட்டோ மட்டும் ஒரு தட்டு பழைய எஃபிலேயே நின்று, அப்புறம்தான் ஈக்கு இறங்க வேண்டும். நகராமல் நின்றதாலேயே அந்த நோட் வெளியாளாகிறது. ஒவ்வொரு ஒத்திகையிலும் ஆல்ட்டோ அங்கே வழுக்கி முன்கூட்டியே ஈக்கு விழும். அவர்களுக்குத் தைரியம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். ஓர் அக்காதான் கேட்டுவிட்டார்: "நீங்க ஆர்கன்ல ஈயை அமுக்கிட்டே இருந்தா, நாங்க எஃப்ல எப்படித் தம்பி நிக்கிறது?"

முழு சி மேஜரையும் பிடித்து, அவர்கள் வந்து சேர வேண்டிய இடத்தில் நானே முதலில் போய் உட்கார்ந்திருக்கிறேன்!

இப்போது கீபோர்டு தியரி வகுப்பு எடுக்கிறேன். சஸ்பென்ஷனில் நிற்கும் அந்த எஃபைக் காட்டியதும், கர்நாடக சங்கீதம் கற்கும் மாணவி ஒருத்தி, "இது அன்னிய ஸ்வரமா சார்?" என்றாள். நல்ல கேள்வி, ஆனால் இல்லை. பிலஹரி ராகத்தில் எட்டிப்பார்க்கும் கைசிகி நிஷாதம் என்ற 'நி', அந்த ராகத்தின் மேளத்துக்கே, அதாவது தாய் ஸ்கேலுக்கே, வெளியிலிருந்து வருவது. நம் எஃபோ ஸ்கேலின் சொந்தப் பிள்ளை. அந்த ஒரு தட்டில், அந்த ஒரு கார்டுக்கு மட்டும்தான் அந்நியம். சஸ்பென்ஷனுக்கு முந்தைய கார்டில் அதே நோட் தயாராக இருக்க வேண்டும் என்றதும், "யார் சார் போட்ட ரூல்?" என்று அடுத்த கேள்வி. இந்தச் சண்டை பழையது. 1600இல் அர்த்தூசி என்ற இத்தாலியக் கோட்பாட்டாளர், இசையமைப்பாளர் மாண்டவெர்தி முரண் சுரங்களை முன்தயாரிப்பில்லாமல் கொண்டுவந்ததை, அவர் பெயரைச் சொல்லாமலே புத்தகம் போட்டுக் கண்டித்தார். 1605இல் மாண்டவெர்தி அந்தப் பாடல்களையே அச்சிட்டு, கூடவே சுருக்கமாக ஒரு பதிலும் வைத்தார். வகுப்பு மாண்டவெர்தி பக்கம். பரீட்சைத் தாளில் மட்டும் அர்த்தூசி பக்கம் நில்லுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் ஆர்கன்தான். ஆல்ட்டோவில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். அந்த இடம் வரும்போது பயந்துபோய் என்னைப் பார்ப்பாள். நான் ஈயிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன்.