ஊசி போடக் கற்றுக்கொடுக்காமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்

அம்மாவுக்குச் சர்க்கரை நானூறைத் தாண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், அது இறங்கியதும் ஒழுங்காகவே நடந்தன. சிக்கல் டிஸ்சார்ஜ் அன்றுதான். பில்லுக்கும் இன்சூரன்ஸ் கையெழுத்துக்கும் மதியம் வரை அலைய விட்டவர்கள், இனி தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட வேண்டிய வீட்டுக்காரர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிஷம் ஒதுக்கவில்லை.

"காலைல 20, ராத்திரி 10, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி" என்று சீட்டில் வட்டம் போட்டார் சிஸ்டர். "ஒரு தடவை போட்டுக் காட்டுங்க சிஸ்டர்" என்றேன். "யூடியூப்ல நிறைய இருக்கு, பாத்துக்கோங்கம்மா." அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார். அவர் ஒருவரே அத்தனை பேரைப் பார்க்கிறார் என்பது தெரியும். ஆனாலும் இது மாத்திரை இல்லையே, ஊசி.

வீட்டுக்கு வந்தும் குளுக்கோமீட்டரில் முந்நூறுக்குக் குறையவே இல்லை. போன் செய்தால் ஷிப்ட் மாறிவிட்டது என்றார்கள். நேரில் போனால் ஓபி டோக்கன் போடச் சொன்னார்கள். டோக்கன் போட்டபின் டாக்டர் இன்று வரமாட்டார் என்றார்கள். பஸ் காசும் ஒரு பகலும் வீண்.

கடைசியில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் சிஸ்டரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "பாட்டிலையும் சிரிஞ்சையும் காட்டு." பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று இருந்தது. மருந்துக்கடையில் கொடுத்ததோ 100 யூனிட் பாட்டிலுக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. அதில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை எப்படி இறங்கும்? இதுவே தலைகீழாக, 100 பாட்டிலுக்கு 40 சிரிஞ்சு என்றிருந்தால் இரண்டரை மடங்கு ஏறி ஆளையே சாய்த்திருக்கும். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. தயவுசெய்து கடையை விட்டு நகரும் முன் இரண்டிலும் உள்ள எண்ணை ஒத்துப் பாருங்கள். 40க்குச் சிவப்பு மூடி.

"எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று வாதாடிய கடைக்காரர், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார்.

சிஸ்டர் தான் போட்டுக் காட்டவில்லை. என்னையே போட வைத்தார். கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். எத்தனை யூனிட் எடுக்கிறோமோ அத்தனை காற்றை முதலில் பாட்டிலுக்குள் செலுத்த வேண்டும். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிட்டுப் போட்டு, பத்து எண்ணியபின் ஊசியை எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தடித்துப்போய் மருந்து சரியாக இறங்காது. பிரித்த பாட்டில் நான்கு வாரம்தான். பிரிட்ஜ் கதவில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது.

"இனிமேதான் முழு அளவு உள்ள போகும், தாழ்சர்க்கரை வந்துடாம பாத்துக்கோ" என்றும் சொல்லி அனுப்பினார். அது எவ்வளவு பெரிய உதவி என்பது சீக்கிரமே தெரிந்தது. ஒரு ராத்திரி அம்மா ஊசிக்குப் பிறகு ஒரே இட்லியோடு எழுந்துவிட்டார். தூக்கத்தில் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. பார்த்தால் 58. 70க்குக் கீழே போனாலே விடக் கூடாது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தபோது 96. அதன் பிறகு இன்னும் இரண்டு இட்லி சாப்பிட வைத்தேன். நினைவு இருந்ததால் வாயில் கொடுத்தேன்; நினைவு தப்பியிருந்தால் எதையும் ஊற்றக் கூடாது, நேராக 108தான்.

மறுநாள் சுகாதார நிலைய டாக்டர் இரவு அளவைக் குறைத்து எழுதினார். அளவை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

உங்கள் வீட்டில் யாரையாவது இன்சுலினோடு டிஸ்சார்ஜ் செய்தால், சிஸ்டர் முன்னால் உங்கள் கையாலேயே ஒரு வேளை ஊசியைப் போட்டுவிட்டுத்தான் பில் கட்டப் போங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை.